முடவனும் மடவோனும்: பாறையேறுவோர் ஒளிப்படங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1. தோற்றுவாய்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் மக்கள் இட்ட பெயர்கள் ஒளியினடியாகப் பிறந்தவை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குக்கரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரியும் கரை படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் அளவுகோலாகக் கொண்டு நிலத்தைப் பகுத்த இம்மக்கள், படுவான்கரைக்கும் அப்பால் சமதரையினின்று திடீரென நிமிரும் பாறைகளையும் கண்ணாற் கண்ட வடிவங்கொண்டே பெயரிட்டனர். உச்சியில் முடிந்த குடுமிபோல் தோன்றும் பாறை குடும்பிமலை ஆயிற்று. அதே பாறை சிங்களத்தில் தொப்பியின் பெயரைப் பெற்றது. கடல்வழி வந்த ஆங்கிலேயர் தம் நாட்டுப் பிரபு ஒருவரின் தொப்பியை அதிற் கண்டனர். தெற்கேயுள்ள கோவிந்தஹெல என்னும் பெரும்பாறை அவர்கள் கண்ணுக்கு வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயமாகத் தோன்றியது.

ஒரே பாறை, பார்ப்பவர் நின்ற இடமும் அவர் மனத்திலிருந்த உருவமும் வேறு. ஒளிப்படக்கலையின் அடிப்படைப் பிரச்சினை இதுவே. கமரா என்னும் கருவி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பாறை படிமமாக்கப்பட்டு விட்டது. அப்பாறையில் ஒரு மனிதன் ஏறத் தொடங்கியதும் பிரச்சினை இரட்டிப்பாகின்றது. பாறை தான் நின்ற இடத்தில் நிற்கின்றது, ஏறுபவனோ விழக்கூடியவன். விழக்கூடிய ஓர் உயிரை விழாத ஒரு பார்வையாளனுக்குக் காட்டுவதே பாறையேறுவோர் ஒளிப்படம். அவ்வகைப் படங்கள் இன்று இணையத்தின் வழியாக நாள்தோறும் பெருந்தொகையிற் பரவுகின்றன. அவற்றை விளையாட்டுச் செய்தியாகவோ வெறும் அழகுக் காட்சியாகவோ மட்டும் கொள்ளுதல் போதாது. எடுக்கப்படும் முறை, பகிர்வுக்கென ஆயத்தம் செய்யப்படும் முறை, காண்போர்மீது அவை நிகழ்த்தும் விளைவு ஆகிய மூன்றும் விமர்சனத்துக்கு உட்பட வேண்டியவை.

2. மால்பும் இரு பார்வையாளரும்

பாறையேற்றம் தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. மலைச்சரிவிலே தொங்கும் தேனடையை எடுப்பதற்கு நாட்டப்படும் ஏணிக்கு மால்பு என்று சங்கநூல்கள் பெயர் கூறும். மலைபடுகடாத்திலும் புறநானூற்றிலும் இச்சொல் வருகின்றது. குறிஞ்சிநில வாழ்வில் ஏற்றம் என்பது விளையாட்டன்று, உழைப்பு என்பதை இச்சொல்லே உணர்த்தும்.

இவ்வுழைப்பைச் சுற்றிக் குறுந்தொகை இரு மனிதரை நிறுத்தியுள்ளது. அறுபதாம் பாடலில், பரணர் ஒரு முடவனைக் காட்டுகின்றார். அவன் மலையடியில் இருக்கின்றான், மேலே பெருந்தேன் தெரிகின்றது, ஏற இயலாது. எனவே உள்ளங்கையைக் குடையாகக் குவித்து, தேனைச் சுட்டிச் சுட்டி, வெறுங்கையை நக்கிக்கொள்கின்றான். தலைவன் அருளாவிடினும் அவனைக் காண்பதே இனிது என்னும் தலைவியின் உள்ளத்துக்கு இது உவமை. இருநூற்று எழுபத்து மூன்றாம் பாடலில் மற்றொருவன் வருகின்றான். அவன் மடவோன். நாட்பட்டுப் பழகிய மால்பின் நிலையை அறியாது அதிற் கால் வைத்து ஏறுகின்றான். ஏமாற்றத்துக்கு அவன் உவமையாகின்றான்.

பாறையேறுவோர் ஒளிப்படத்தின் பார்வையாளர் இவ்விருவருமே எனலாம். கைக்குள் அடங்கும் தொலைபேசியின் திரையில் உயரத்தைக் கண்டு விரலாற் சுட்டி இன்புறுவோர் முடவனின் வழியினர். அவர்களை இழித்தற்கு இடமில்லை. பரணர் அம் முடவனை இகழவில்லை, அவன் இன்பத்தை மெய்யான இன்பமாகவே ஏற்றார். அப்படத்தைக் கண்டு தானும் அவ்விடத்தே ஏறத் துணிபவன் மடவோனின் வழியினன். அவனுக்குப் படமே மால்பு. அம் மால்பின் எக்கணு உறுதியானது, எது உளுத்தது என்பதைப் படம் அவனுக்குக் காட்டிற்றா, மறைத்ததா என்பதே கேள்வி. நல்ல பாறையேற்றப்படம் முடவனுக்கு இன்பத்தையும் மடவோனுக்கு உண்மையையும் ஒருங்கே அளிக்கவேண்டும். ஒருவனுக்காக மற்றவனைக் கைவிடும் படம் எத்துணைக் கவர்ச்சியுடையதாயினும் குறையுடையதே. இக்கட்டுரையின் அளவுகோல் இதுவாகும்.

3. பெயரற்ற ஏறுநர்

இலங்கையிற் பாறையேற்றம் பற்றிய எழுத்துச் சான்றுகளை நோக்குமிடத்து, ஏறியவரின் பெயர் மறைந்து, பார்த்தவரின் பெயர் நிலைத்த வரலாறே மேலோங்கி நிற்கின்றது.

1889ஆம் ஆண்டில் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த அலிக் மறே சிகிரியாவின் ஓவியக் குகையை அடைந்தார். சுவரோவியங்களை மெல்லிய தாள்களில் தடமெடுத்துப் படியெடுத்தவர் என்ற வகையில் அவர் பெயர் கலைவரலாற்றில் இடம்பெற்றது. ஆயின் அவர் எவ்வாறு ஏறினார்? அவர் வாயிலாகவே வழங்கும் விவரத்தின்படி, பேய்களுக்கு அஞ்சி அயற்கிராமத்தவர் பின்வாங்கியதால், தமிழ்க் கல்தச்சர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் செங்குத்துப் பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துளையிட்டு, இரும்பு முளைகளை இறுக்கி, காட்டுமரங்களை அவற்றோடு பிணித்து மேலேறினர். உச்சக் கட்டத்தில், குகையின் சரிந்த தரையில் நிற்க இயலாத நிலையில், அவர்களுள் துணிந்த ஒருவர் மூன்று நாள் நோன்பிருந்து வழிபட அவகாசம் கேட்டார் என்பர். நோன்பிருந்து ஏறிய அக்கல்தச்சரின் பெயரை வரலாறு தரவில்லை. அவர் அமைத்தது, சொல்லின் முழுப்பொருளில், ஒரு மால்பு.

சில ஆண்டுகளின் பின்னர் முதலாவது தொல்லியல் ஆணையாளராகிய எச்.சி.பி. பெல்லின் காலத்தில் இதைவிட நுட்பமான ஒரு முயற்சி நிகழ்ந்தது. பாறைக்குகைகளின் பொதுத்தோற்றத்தைக் கீழே நின்று பார்த்தால் சரிவு மறைக்கும்; உள்ளே நின்று பார்த்தால் முழுமை கிட்டாது. எனவே உச்சியிலிருந்து வடம் இறக்கப்பட்டது. அதனோடு பிணித்த இருக்கையில் மனிதர் அந்தரத்தில் உயர்த்தப்பட்டனர். பாறைக்கு எதிரே வெறும் காற்றிற் தொங்கியபடி அக்காட்சி பதிவு செய்யப்பட்டது. பெல்லின் உதவியாளர் டி.ஏ.எல். பெரேரா 1896, 1897ஆம் ஆண்டுகளில் ஓவியங்களை எண்ணெய்வண்ணத்தில் படியெடுத்தார். பாறையைப் பார்ப்பதற்கே பாறையேறியாக வேண்டும் என்னும் உண்மையை இலங்கையில் முதலில் உணர்த்திய நிகழ்ச்சிகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம். இன்று உலகெங்கும் பாறையேற்றப் படம் எடுப்போர் கையாளும் முறையும் இதுவே: மேலிருந்து ஒரு கயிற்றைத் தனியே இறக்கி, ஏறுபவனின் கயிற்றுக்கு ஊறு செய்யாது, அவன் பக்கவாட்டிலோ சற்று மேலோ தொங்கிக்கொண்டு காத்திருத்தல்.

வேடரிடையே நிலவிய தேனெடுப்பும் இங்கு நினைக்கத்தக்கது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ‘வேடர்’ பற்றிய ஆங்கில நூல், மலைத்தேன் எடுத்தலை அவர்தம் வாழ்வின் முக்கிய கூறாக விவரிப்பதோடு, கிழக்குக் கரையோரத்து வேடருக்கும் தனி இயல் ஒன்றை ஒதுக்கியுள்ளது. ஒளிப்படங்கள் பலவும் அதில் உள. அவை மானிடவியற் சான்றுகளாக எடுக்கப்பட்டவை. மனிதன் ஓர் இனத்தின் மாதிரியாக நிறுத்தப்படும்போது அவன் திறமை அவனுடையதாக அன்றி இனத்தினுடையதாக வாசிக்கப்படுகின்றது. இதற்கு மாறான ஒரு முயற்சியாக, பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் எரிக் வல்லி நேபாளத்திலே 1980களில் செய்த பணியைக் குறிப்பிடலாம். குருங் இனத்துத் தேனெடுப்போரை அவர் பாறை முகத்திலேயே சென்று படமாக்கினார். 1988இல் அது நூலாக வெளிவந்தது. அதன் நடுநாயகராகிய முதியவர் மணிலால் என்னும் பெயரோடு உலகிற்கு அறிமுகமானார். கயிற்றேணியில், புகைக்கும் பெருந்தேனீக் கூட்டத்துக்கும் நடுவே தொங்கும் அம்முதியவரின் படங்கள் பெற்ற வலிமைக்கு உயரம் மட்டும் காரணமன்று. தொங்குபவர் யார் என்பது தெரிந்திருந்தமையும் காரணமாகும்.

4. எடுத்தற் கலை

பாறையேறுபவனைப் படமாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் முதன்மையானது நிற்குமிடம். கீழிருந்து எடுத்தால் பாறையின் நெடுமை சுருங்கிவிடும். செங்குத்தும் சரிவாகத் தோன்றும். ஏறுபவனின் முகம் மறைந்து முதுகும் காலுமே எஞ்சும். மேலிருந்து எடுத்தால் முகமும் கையும் முயற்சியும் தெரியும். கீழே பரந்த நிலம் உயரத்துக்குச் சான்று பகரும். பக்கவாட்டில் நின்றால் உடலின் வளைவும் பாறையின் உண்மையான சாய்வும் வெளிப்படும். மூன்றும் மூன்று வகைக் கூற்றுக்கள். கீழ்நோக்கு முடவனின் நோக்கு. மேல்நோக்கு ஏறியவனின் நோக்கு. பக்கநோக்கு நடுநின்ற சாட்சியின் நோக்கு.

இரண்டாவது சிக்கல் அளவு. பாறைக்கு இயல்பாகவே அளவு கிடையாது. படத்திலே ஒரு கூழாங்கல்லும் குன்றாகலாம். மனித உருவம் ஒன்று இடம்பெற்றவுடன் பாறை தன் அளவைப் பெறுகின்றது. ஆகவே ஏறுநர் உருவம் படத்தில் எவ்வளவு சிறிதாக அமைகின்றதோ அவ்வளவுக்குப் பாறை பெரிதாகும். ஆயின் உருவம் ஒரு புள்ளியாகும் வரை சிறுத்தால் அவன் மனிதனாக அன்றி அளவுக்கோலாகவே எஞ்சுவான். இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கும் இடமே கலைஞனின் தீர்ப்பு.

மூன்றாவது சிக்கல் ஒளி. மட்டக்களப்புப் பிரதேசத்துப் பாறைகள் மிகத் தொன்மையான உருமாறிய பாறைவகையைச் சேர்ந்தவை. சுற்றியுள்ள மென்மையான பகுதிகள் அரித்துச் செல்லப்பட, எஞ்சி நின்றவையே இத் தனிக்குன்றுகள். மழைநீர் வழிந்த தடங்களிற் படிந்த கருமை அவற்றின் முகத்தில் நெடுங்கோடுகளாக இறங்கும். கரும்பாறைக்கும் வெளிறிய வானுக்கும் இடையிலான ஒளிவேறுபாடு நண்பகலில் மிகப் பெரிது. பாறைக்கு ஏற்ப ஒளியை அளந்தால் வானம் வெற்றுவெள்ளையாகும். வானுக்கு ஏற்ப அளந்தால் பாறை கரும்பிழம்பாகி ஏறுபவன் அதனுள் மறைவான். இங்குதான் எழுவான், படுவான் என்னும் பழஞ்சொற்கள் தொழில்நுட்பப் பொருள் பெறுகின்றன. வாவிப்பக்கமிருந்து மேற்கே நோக்குபவனுக்குக் காலைவெயில் பாறைமுகத்தில் நேரே விழும். சொரசொரப்பும் வெடிப்பும் கைப்பிடிகளும் தெளியும். மாலையில் அதே பாறை கதிரவனை மறைத்து நிழலுருவாக மட்டுமே நிற்கும். காலைப்படம் பாறையின் பொருண்மையைக் கூறும். மாலைப்படம் அதன் வடிவத்தை மாத்திரம் கூறும். கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் தூசியும் புகாரும் தொலைவை மங்கச் செய்யும். மாரிகாலத்து முகில் ஒளியை மென்மையாக்கும், ஆயின் பாறையை வழுக்கலாக்கும். படத்துக்கு உகந்த நாளும் ஏற்றத்துக்கு உகந்த நாளும் எப்போதும் ஒன்றல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது.

மேனாட்டு மரபிலும் இச்சிக்கல்களே கலையை வளர்த்தன. இங்கிலாந்தின் கெஸ்விக் நகரத்து ஆபிரகாம் சகோதரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரமான கண்ணாடித்தட்டுக் கமராவைப் பாறைகளுக்குச் சுமந்து சென்றனர். அக்காலத் தட்டுக்கள் நெடுநேர ஒளியை வேண்டியமையால் ஏறுநர் அசையாது நிற்கவேண்டியிருந்தது. ஆகவே அப்படங்களில் இயக்கம் பாவனையே. 1927 ஏப்ரல் 10ஆம் நாள் அன்சல் அடம்ஸ் கலிபோர்னியாவின் ஹாப் டோம் பாறையைப் படமாக்கியபோது, மஞ்சள் வடிகட்டியை நீக்கிச் செந்நிற வடிகட்டியைப் பொருத்தி வானத்தைக் கருமையாக்கினார். கண்ட வானம் அதுவன்று. உணர்ந்த வானம் அது. கலன் றொவெல் என்பார் தாமே பாறையேறி, சிறு கமராவுடன் ஏற்றத்தின் உள்ளிருந்து படமெடுத்தார். 1973இல் அவரும் இரு தோழரும் அதே பாறையைச் சுத்தியலால் ஆணி அறையாது ஏறினர். 1974 யூனில் ‘நஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகையில் வெளியான அப்படங்கள், பாறையைக் காயப்படுத்தாது ஏறும் முறை பரவுவதற்குத் துணைபுரிந்தன. ஒளிப்படம் ஓர் ஒழுக்கத்தையே பரப்பமுடியும் என்பதற்கு இது தக்க சான்று. ஒழுக்கத்தைப் பரப்பக்கூடியது ஒழுக்கக்கேட்டையும் பரப்பக்கூடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

5. ஆயத்தம் என்னும் இரண்டாம் ஆக்கம்

எடுக்கப்பட்ட படம் நேரே இணையத்துக்குச் செல்வதில்லை. இடையில் அது திருத்தப்படுகின்றது. நிழலிற் புதைந்த விவரங்கள் மீட்கப்படுகின்றன, நிறம் சீராக்கப்படுகின்றது, ஓரங்கள் கத்தரிக்கப்படுகின்றன, சிறிய திரைக்கேற்ப அளவு குறைக்கப்பட்டுக் கூர்மை ஏற்றப்படுகின்றது. இவ்வாயத்தம் முழுவதையும் பொய் எனக் கண்டிப்போர் உளர். அக்கூற்று ஏற்புடையதன்று. கமரா பதிவதும் கண் காண்பதும் ஒன்றல்ல. கண் இருளையும் ஒளியையும் மாறிமாறிப் பழகிப் பார்க்க வல்லது. கமராவுக்கு ஒரு கணமே உண்டு. ஆதலால் கரும்பாறையின் நிழலைத் திருத்தத்தின்போது சற்றே திறந்துவிடுதல் கண்ணுக்கு நியாயம் செய்தலேயாகும்.

இலங்கையின் பெருங்கலைஞர் லயனல் வென்ட் இங்கு நினைவுகூரத்தக்கவர். 1900இற் பிறந்து 1944இல் மறைந்த அவர், இருட்டறையில் ஒளியைத் தலைகீழாக்கியும், ஒன்றோடொன்று தொடர்பற்ற படங்களை இணைத்தும் துணிந்து சோதனைகள் செய்தார். அவரைப் பொய்யர் என எவரும் கூறுவதில்லை. காரணம், அவர் செய்த மாற்றம் படத்தின் முகத்திலேயே தெரிந்தது; பார்ப்பவன் அதனை நிகழ்ச்சிச் சான்றாகக் கொள்ளவில்லை. எனவே வேறுபாடு திருத்தியமை, திருத்தாமை என்பதில் இல்லை. படம் பார்ப்பவனோடு செய்துகொள்ளும் உடன்பாட்டில் உள்ளது. பாறையேற்றப் படம் ‘இது இங்கு இவ்வாறு நிகழ்ந்தது’ என்று உறுதி கூறுகின்றது. அவ்வுறுதியைக் குலைக்கும் திருத்தமே குற்றமாகும்.

அவ்வாறு குலைக்கும் திருத்தங்கள் முக்கியமாக நான்கு. முதலாவது சாய்த்தல். கமராவையோ, பின்னர்ப் படத்தையோ சில பாகை சாய்த்துவிட்டால் சாதாரணச் சரிவு செங்குத்தாகும். செங்குத்து வெளித்தள்ளிய பாறையாகும். இரண்டாவது கத்தரித்தல். காலுக்குக் கீழே ஐந்தடியில் இருக்கும் திட்டு படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டால், ஏறுபவன் பாதாளத்தின்மேல் தொங்குவான். மூன்றாவது அழித்தல். காப்புக் கயிற்றை நிறத்தாலோ தூரிகையாலோ மறைத்துவிட்டால், காக்கப்பட்டவன் காப்பற்றவனாவான். நான்காவது மிகைநிறம். மங்கிய மாலை செந்தீயாகும்; பசுங்காடு மரகதமாகும்; இடம் தன் இயல்பை இழந்து எவ்விடமுமாகும். உயரமான திரைக்கேற்பப் படங்களை நெடுக்குவாட்டிற் கத்தரிக்கும் இன்றைய பழக்கம் இரண்டாவது குற்றத்துக்கு வசதியான வழியைத் திறந்துள்ளது. அகலத்திலேதான் சூழல் இருக்கின்றது. அகலம் போனால் சூழலும் போகும்.

சாய்த்தலுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. கீழிருந்து எடுத்த படம் செங்குத்தைச் சரிவாகக் குறைத்துக் காட்டுகின்றது என்பது மேலே கூறப்பட்டது. அவ்வாறாயின் வில்லை செய்த குறையைச் சாய்வால் ஈடுசெய்வது, ஏறுபவன் உணர்ந்த அச்சத்தை மீட்டுத்தருவதாகாதா? அடம்ஸ் வானத்தைக் கருமையாக்கியதும் உணர்ச்சியின் பொருட்டன்றோ? இவ்வாதத்தின் பலவீனம் இதுவே: வானத்தின் கருமையை நம்பி எவனும் வானத்திற் கால்வைப்பதில்லை, பாறையின் சாய்வை நம்பியோ கால்வைப்பவன் உண்டு. மேலும், வில்லையின் குறைக்கு மருந்து படுவது நிற்குமிடத்தை மாற்றுதலே. ஒரு கயிற்றை இறக்கிப் பக்கவாட்டிற் சென்று நிற்கும் உழைப்பை, மேசையிலிருந்தபடி ஒரு விரலசைவால் ஈடுசெய்ய முனைவது, கல்தச்சரின் உழைப்பை மறைத்த பழைய வழக்கத்தின் புதிய வடிவமேயாகும்.

இவ்வகைப் பொய்யைக் கண்டறிய இயற்கையே இரு கருவிகளைத் தந்துள்ளது. ஒன்று தொங்கும் கயிறு. பாரம் தாங்காது தளர்ந்து தொங்கும் கயிறு கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைப் போன்றது. அது நிலத்தை நோக்கியே தொங்கும். படச்சட்டத்தின் ஓரத்தோடு அது இசையாவிடின், காற்றோ கமராவோ சாய்ந்துள்ளது என்பது தெளிவு. மற்றது நீர்மட்டம். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, அப்பிரதேசத்துக் குன்றுகளினின்று தொலைவில் ஒரு வெள்ளிக்கோடாகத் தெரியும்போது, அக்கோடே படத்தின் மனச்சாட்சியாகின்றது. நீர் சாய்ந்து கிடப்பதில்லை. வாவி சாய்ந்திருக்கும் படத்தில் பாறையும் பொய்யே கூறும். இணையத்துக்கென ஆயத்தம் செய்யும் மாணவன், வேறெந்த நுட்பத்தையும் கற்குமுன் இவ்விரு கோடுகளையும் சரிபார்க்கக் கற்றல் வேண்டும்.

6. சட்டத்துக்கு வெளியே

உருவம் பற்றிய விமர்சனத்தோடு நிறுத்திக்கொள்ளுதல் போதாது. எதனைப் படம் உட்கொள்கின்றது, எதனை வெளியே நிறுத்துகின்றது என்னும் சமூகவியல் வினாவும் உண்டு.

குடும்பிமலை வெறும் பாறையன்று. நெடிய போரில் அதன் பெயர் உலகச் செய்தியாயிற்று. 2007 யூலை 11ஆம் நாள் அரச படையினர் அதனைக் கைப்பற்றினர். போருக்குப் பின்னர் அது சுற்றுலாப் பயணிகள் ஏறிப்பார்க்கும் இடமாயிற்று. மாவட்டத்தின் மேற்கெல்லைக் காட்டுப்புறத்திலுள்ள மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளைக் காக்கக் கோரி மாட்டுப்பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் தொடர்போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். இவ்வாறு நினைவும் வழக்கும் செறிந்த ஒரு நிலத்தில், உச்சியிற் கைவிரித்து நிற்கும் ஓர் இளைஞனையும் அவன் பின்னே ஆளரவமற்ற பசுங்காட்டையும் காட்டும் படம், யாருமில்லாத நிலம் என்னும் கருத்தை அறியாமலே பரப்புகின்றது. அக்காட்டில் மாட்டுப்பட்டி உண்டு; தேனெடுப்பவர் உண்டு; திரும்பி வராதவரின் நினைவும் உண்டு. ஒரு படம் இவை யாவற்றையும் காட்டிவிட இயலாது. ஆயின் படத்தின் கீழ் எழுதப்படும் மூன்று வரிகள் அவற்றை மறுக்காதிருக்க இயலும்.

தாந்தாமலை வேறொரு வினாவை எழுப்புகின்றது. படுவான்கரையின் அப்பாறைக்குன்றை மக்கள் முருகன் உறையும் இடமாக வணங்கி ஏறுகின்றனர். அங்கு செருப்பின்றி ஏறும் மூதாட்டியும் ஏறுநரே. பாறையேற்றம் என்றவுடன் கயிறும் கொளுக்கியும் அணிந்த உடலையே கற்பனை செய்யும் பழக்கம், நேர்த்திக்காக ஏறுபவரையும் பிழைப்புக்காக ஏறுபவரையும் இக்கலையின் பொருளினின்று விலக்கிவிடுகின்றது. 2016 மே 21ஆம் நாள் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ற் சிகரத்தை அடைந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையைப் பெற்றார். மலையேற்றம் ஆண்களின் துணிச்சல் என்னும் எண்ணத்தை அது அசைத்தது. அந்த அசைவு ஒளிப்படத்திலும் முழுமை பெறவேண்டுமாயின் சாதனையாளர், பக்தர், உழைப்பாளர் ஆகிய மூவகை ஏறுநரும் ஒரே மதிப்போடு நோக்கப்படவேண்டும்.

பார்வையே ஆபத்தாகும் நிலையும் உண்டு. 2017 யூன் 3ஆம் நாள் அலெக்ஸ் ஹொனல்ட் கலிபோர்னியாவின் எல் கப்பிற்றன் பாறையைக் கயிறின்றி ஏறியதைப் பதிவுசெய்த ‘பிறீ சோலோ’ என்னும் ஆவணப்படம், 2019இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. அதனை எடுத்தவரும் பாறையேறிகளே. தம் இருப்பே ஏறுபவனின் கவனத்தைக் கலைத்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சினர். நெருக்கடியான இடத்திலே மனிதரின்றி இயங்கும் கமராவை வைத்தனர். அடிவாரத்திலிருந்து படம்பிடித்த ஒருவர், பார்க்கத் தாளாது முகத்தைத் திருப்பிக்கொள்வது அப்படத்திலேயே இடம்பெற்றுள்ளது. அப்படத்தின் மிக உயர்ந்த கணம் அதுவே எனல் தகும். ஏறுபவனின் உயிர் படத்தைவிடப் பெரிது என்று ஒரு கலைஞனின் உடல் தன்னையறியாமல் கூறிய கணம் அது. ‘இன்னொருமுறை ஏறு, வெளிச்சம் சரியில்லை’ என்று களைத்த தோழனைப் பணிப்பவன் இக்கணத்தை எண்ணிப்பார்த்தல் நன்று.

பகிர்வின் விளைவுகளும் கருதத்தக்கவை. தொலைபேசியில் எடுத்த படக்கோப்பினுள் எடுத்த இடத்தின் ஆள்கூறுகள் பதிவாகியிருக்கக்கூடும். பெருந்தேனீக்கள் கூடுகட்டிய பாறைவிளிம்பையோ, வழிபாட்டுக்குரிய குகையையோ துல்லியமாக ஊரறியச் செய்வது எப்போதும் நன்மையாகாது. இடத்தின் பெயரைப் பொதுவாகக் கூறி, ஆள்கூறுகளை நீக்கிப் பகிர்தல் ஒரு சிறு கட்டுப்பாடு. அவ்வாறே ஏற்றத்தின் கடினம், கயிறு இருந்ததா என்பது, காட்சி நிகழ்ந்தபடி எடுக்கப்பட்டதா, படத்துக்கென மீள நிகழ்த்தப்பட்டதா என்பது, ஏறியவர் விரும்பின் அவர் பெயர் ஆகியன படத்தின்கீழ் இடம்பெறல் வேண்டும். இவை கலைக்குத் தளையாகா. பெயர் கூறப்பட்டமையால் மணிலாலின் படம் வலிமை இழக்கவில்லை.

7. முடிவுரை

பாறையேறுவோர் ஒளிப்படம் உயரத்தின் கலை எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அது அளவின் கலை என்பதே பொருத்தம். பாறைக்கு எதிரே மனிதன் எவ்வளவு, அவன் அச்சம் எவ்வளவு, அவனைக் காத்த கயிறும் தோழமையும் எவ்வளவு என்பவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறுவதிலேயே அதன் சிறப்பு தங்கியுள்ளது. பகிர்வுக்கென ஆயத்தம் செய்தல் அக்கூற்றைத் தெளிவாக்குவதாயின் அது கலையின் பகுதி. குலைப்பதாயின் கலையின் பகை.

மலையடியில் இருந்த முடவனுக்கு வெறுங்கையிலும் இனிமை கிடைத்தது. மேலே தேன் உண்மையில் இருந்தமையே அதற்குக் காரணம். தேனில்லாத பாறையைச் சுட்டி அவனை மகிழ்வித்திருப்பின் பரணரின் உவமை சிதைந்திருக்கும். மால்பை அறியாது ஏறிய மடவோனுக்கு அவ்வேணியின் நிலையைச் சொல்ல அன்று எவருமில்லை. இன்று ஏறுமுன் ஒவ்வொருவனும் ஒரு படத்தைப் பார்க்கின்றான். அப்படத்தை எடுத்தவனே அவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவன்.